புதிய இசைக் கலைஞர்களை இணையத்தில் ஆதரிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினிமாவைச் சாராமல் தமிழில் பாட்டு போடுபவர்கள் இன்று சென்னையில் மட்டும் இல்லை. யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ, லண்டன் என்று எங்கெங்கோ ஒரு சின்ன அறையில் மைக் வைத்துப் பதிவு செய்து, தங்கள் கைக்காசைப் போட்டு வெளியிடுகிறார்கள். அப்படி ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போனால் லைக் போடுகிறோம், வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறோம், நாள் முழுக்க ஓடவிடுகிறோம். எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் எந்தப் பக்கத்தில் கேட்டோம், எந்த லிங்க்கை அனுப்பினோம், எந்த வழியில் காசு கொடுத்தோம் என்பதைப் பொறுத்து அது பாடியவரிடம் போய்ச் சேரலாம், நடுவழியில் வேறு யாரோ எடுத்துக்கொள்ளலாம், சில சமயம் அவருக்கே கெடுதலாகவும் முடியலாம்.

தேடும்போதே தொடங்கும் தவறுகள்

ஒரு பாட்டு முடிந்ததும் செயலி தானாகப் போடும் அடுத்த பாட்டை மட்டும் நம்பியிருப்பது முதல் தவறு. நீங்கள் ஏற்கெனவே கேட்டதையும் உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் கேட்டதையும் வைத்துத்தான் செயலி பரிந்துரை செய்கிறது. யாருமே கேட்டிராத பாட்டைப் பற்றி அதனிடம் தகவல் குறைவு, அதனால் அது உங்கள் முன் வருவதும் குறைவு. இன்னொன்றும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 'டிஸ்கவரி மோட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒரு பாட்டைச் சேர்த்தால் ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அது வர வாய்ப்பு கூடும். பதிலுக்கு அங்கே கேட்கப்படும் ஒவ்வொரு முறைக்கும் பதிவு ராயல்டியில் (ஒலிப்பதிவின் உரிமையாளருக்குச் சேரும் தொகையில்) 30 சதவீதத்தை ஸ்பாட்டிஃபை கழித்துக்கொள்ளும். ஆகவே தானாக வந்து காதில் விழுவதெல்லாம் உங்கள் ரசனையை மட்டும் பார்த்து வந்தது அல்ல.

வீட்டில் எல்லாரும் ஒரே கணக்கில் கேட்பதும் பரிந்துரையைக் கெடுக்கும். காலையில் சுப்ரபாதம், மதியம் குழந்தைக்குத் தாலாட்டு, இரவு உங்கள் ராப் என்று ஓடினால் திங்கள்கிழமை வரும் ஸ்பாட்டிஃபையின் 'டிஸ்கவர் வீக்லி' பரிந்துரைப் பட்டியல் கதம்பமாகத்தான் இருக்கும். குழந்தைப் பாட்டுக்கும் பக்திப் பாட்டுக்கும் தனி பிளேலிஸ்ட் போட்டு, அதன் மூன்று புள்ளியைத் தொட்டு, ரசனைக் கணக்கிலிருந்து அதை விலக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு பரிந்துரைகள் மெல்லத் தெளியும்.

இதைவிட நல்ல வழி, பாட்டின் பின்னால் இருக்கும் ஆட்களைப் பிடித்துப் போவது. பிடித்த பாட்டின் மூன்று புள்ளியைத் தொட்டால் எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர்கள் வரும். சுயாதீன இசையில் ஒரே தயாரிப்பாளர் ஏழெட்டுப் பாடகர்களோடு வேலை செய்வது சாதாரணம். அவர் பெயரைத் தேடினால் ஒரு பாட்டிலிருந்து ஒரு கூட்டமே கிடைக்கும். கலைஞர்கள் தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் இன்னும் அருமையான ஒரு வசதி உண்டு. ஒவ்வோர் ஆல்பத்தின் கீழும் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்த மனிதர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் தெரியும். சொந்தக் காசு போட்டு வாங்கியவரின் அலமாரியைப் பார்ப்பதற்கு நிகரான பரிந்துரை வேறு எதுவும் இல்லை.

தமிழ்ப் பாட்டைத் தேடுவோருக்கு எழுத்துக்கூட்டல் ஒரு தனிச் சிக்கல். பெரும்பாலான தலைப்புகள் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகின்றன. 'யாழ்' என்ற ஒரே சொல்லை இசட், எச் போட்டு எழுதுபவர் உண்டு, எல் போட்டு எழுதுபவர் உண்டு, ஆர் எல் போட்டு எழுதுபவரும் உண்டு. ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக, பிறகு பாடகர் பெயரோடு ஒரு சொல் என்று மாற்றிப் பாருங்கள். ஒரே பெயரில் வேறு மொழிக்காரர் இருந்தால் இருவர் பாட்டும் ஒரே பக்கத்தில் கலந்துகிடப்பதும் நடக்கும். நடுவில் சம்பந்தமில்லாத மொழியில் ஒரு பாட்டு வந்தால் அதுதான் காரணம். பாடகருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், விநியோகஸ்தர் (அவர் பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம்) மூலம் அவர் சரிசெய்துகொள்வார்.

கிடைத்தவரை 'ஃபாலோ' செய்ய மறக்காதீர்கள். லைக் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிடும். ஃபாலோ செய்தால் அவருடைய அடுத்த பாட்டு வெள்ளிக்கிழமை 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் உங்களைத் தேடி வரும். 2015 ஜூலை முதல் உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெளியாகும் பொது நாள் வெள்ளிதான்.

யாருடைய பக்கத்தில் கேட்கிறீர்கள்

யூடியூபில் ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் கிடக்கும். வரிகளோடு ஒருவர் போட்டிருப்பார், வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்து இன்னொருவர், ஒலி தலையைச் சுற்றி வருவதுபோல் மாற்றி '8டி' என்று மூன்றாமவர். அங்கே கேட்டால் பார்வைகளும் சந்தாதாரர்களும் அந்தச் சானலுக்குத்தான். திருட்டுப் பதிவைக் கண்டுபிடிக்க யூடியூபில் 'கன்டென்ட் ஐடி' இருக்கிறது. ஆனால் சின்னக் கலைஞர்கள் பொதுவாக விநியோகஸ்தர் மூலமாகத்தான் அதில் சேர முடியும். சுருதியையும் வேகத்தையும் மாற்றிப் போட்டவை அதன் கண்ணில் படாமல் தப்பிவிடுவதும் உண்டு.

இதன் எடையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸுக்கு வேறு அளவு). நாலு நிமிடப் பாட்டு என்றால் 60,000 முறை முழுதாகக் கேட்கப்பட வேண்டும். புதுப் பாடகருக்கு ஒவ்வொரு மணி நேரமும் பொன். அதை நகல் சானலில் செலவழிக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பாடகர் பெயரோடு 'டாபிக்' என்று முடியும் சானலைப் பார்த்துப் போலி என்று ஒதுங்குகிறார்கள். அது போலி இல்லை. விநியோகஸ்தர் அனுப்பிய ஒலிப்பதிவிலிருந்து யூடியூபே உருவாக்குவது. விளக்கத்தின் முதல் வரியில் எந்த நிறுவனம் வழங்கியது என்று இருக்கும். அங்கே கேட்டால் வருவாய் முறையாகவே போகும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வீடியோ எடுத்தால் அந்த ஒலி 'ஒரிஜினல் ஆடியோ' என்று உங்கள் பெயரில் பதிவாகிவிடும். அதை எடுத்து ஆயிரம் பேர் ரீல்ஸ் செய்தாலும் பாடியவர் பெயர் எங்கும் இருக்காது. இசைப் பட்டியலில் பாட்டைத் தேடி எடுத்து ஒட்டுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் பாடகரைக் கேட்டு, அவரை டேக் செய்து போடுங்கள். வாட்ஸ்அப்பில் எம்பி3 கோப்பை அனுப்புவதிலும் இதே கோளாறுதான். கோப்பு எத்தனை கை மாறினாலும் ஒரு முறை கேட்டதாகக்கூடக் கணக்கில் ஏறாது.

இரவு முழுக்க ஓடவிடுவது உதவி அல்ல

அக்கறையுள்ள ரசிகர்களே அதிகம் செய்யும் தவறு இது. ஒலியைக் குறைத்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, ஒரே பாட்டை விடிய விடிய ஓடவிடுவார்கள். நண்பர்களையும் அப்படிச் செய்யச் சொல்வார்கள்.

பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் இது ஏன் வீண் என்பது தெரியும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம். ஆனால் ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. எல்லாருடைய சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரு குளத்தில் விழுகிறது. அதிலிருந்து உரிமையாளர்களுக்கு ஒதுக்கும் பங்கு, மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை என்ற விகிதத்தில் பிரிகிறது. மாதம் முழுக்க நீங்கள் ஒரே ஒரு பாடகியை மட்டும் கேட்டிருந்தாலும் உங்கள் சந்தா அப்படியே அவருக்குப் போகாது. கணக்குக்காகச் சொன்னால், 30 கோடி ஸ்ட்ரீம்களில் உங்கள் 300 என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையை சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு இசைத் தளம் 2021-ல் கொண்டுவந்தது. அதுவும் தொடக்கத்தில் அவர்களிடம் நேரடியாக வருவாய்க்குப் பதிந்த கலைஞர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

வீண் என்பதோடு நின்றால் பரவாயில்லை. ஒரே கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான முறை இடைவிடாமல் ஓடுவது செயற்கை ஸ்ட்ரீம் போலவே தெரியும். அப்படிச் சந்தேகிக்கப்பட்டவை கணக்கிலிருந்து கழிக்கப்படும். செயற்கை ஸ்ட்ரீம் அப்பட்டமாக இருந்தால் பாட்டுக்கு இவ்வளவு என்று விநியோகஸ்தரிடமிருந்து ஸ்பாட்டிஃபை 2024 முதல் அபராதம் வாங்குகிறது. விநியோகஸ்தர் அதைக் கலைஞர் தலையில் கட்டலாம், பாட்டையே தூக்கிவிடலாம். 'பத்தாயிரம் ஸ்ட்ரீம் இத்தனை ரூபாய்' என்று விற்பவர்களிடம் நண்பருக்காகக் காசு கட்டுபவர்களும் இதே குழியில்தான் அவரைத் தள்ளுகிறார்கள். மாட்டுபவர் பாடியவர், கட்டியவர் அல்ல.

அதே 2024-ல் வந்த இன்னொரு விதி புதியவர்களுக்கு நேரடியாக வலிப்பது. கடந்த 12 மாதங்களில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் பதிவு ராயல்டி கிடையாது. 900 முறை கேட்கப்பட்ட பாட்டுக்குக் கிடைப்பது பூஜ்யம். தனித்தனியாக எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, ஆனால் அந்த எண்ணை அவர்கள் வெளியிடவில்லை. ஆகவே ஒருவர் 1000 முறை கேட்பதால் பயன் இல்லை. ஐம்பது பேர் ஆண்டுக்கு இருபது முறை மனசோடு கேட்டால் அதே 1000 வரும். உங்கள் வேலை அந்த ஐம்பது பேரைச் சேர்ப்பது. பாட்டை உங்கள் நூலகத்தில் சேமித்து, நீங்கள் அடிக்கடி போடும் பிளேலிஸ்ட்டில் நுழைத்துவிடுங்கள். மேலே இருக்கும் ஹிட்டோடு நின்றுவிடாமல் அவருடைய பழைய பாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1000-க்குக் கீழே தவிப்பவை பெரும்பாலும் அவைதான்.

காசு கொடுக்கும்போது

நேரடியாக வாங்குவதற்கு இணை எதுவும் இல்லை. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், டி-ஷர்ட், கேசட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவரது லேபிளுக்கோ சேர்கிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாள்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. எல்லா வெள்ளியும் அப்படி இல்லை, தேதிகளை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் தவறுவது நேரத்தில். அது அமெரிக்க பசிபிக் நேரப்படி ஓடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளி மதியம் 12.30-க்குத் தொடங்கி சனி மதியம் 12.30 வரை, அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 1.30 முதல் 1.30 வரை. வெள்ளி காலை பத்து மணிக்கு வாங்கினால் சலுகை கலைஞருக்குப் போகாது.

பணம் போகாமல் நின்றால் உங்கள் மேல் தவறு இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் கட்டும் சேவையை, இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் 2021 ஏப்ரல் 1-ல் நிறுத்திவிட்டது. பேண்ட்கேம்ப் கலைஞருக்குப் பணம் சேர்ப்பது பேபால் வழியே. அதனால் மதுரையிலிருந்து சென்னைக் கலைஞரின் ஆல்பத்தை வாங்கப்போனால் தடங்கல் வரும், டொராண்டோவிலிருந்து வாங்குபவருக்கு வராது. இலங்கையில் பேபால் மூலம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. யாழ்ப்பாணக் கலைஞரிடம் எந்த வழி வசதி என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞரிடம் வாங்கும்போது கார்டு மறுக்கப்பட்டால், வங்கிச் செயலியில் சர்வதேச, ஆன்லைன் பயன்பாட்டைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச் 16 முதல் புதுக் கார்டுகளில் இவை மூடிய நிலையில்தான் வருகின்றன.

இந்தியாவுக்குள் யுபிஐ சுலபம், கமிஷனும் இல்லை. ஆனால் கமென்ட்டில் யாரோ போட்ட கியூஆர் படத்துக்கு அனுப்பாதீர்கள். கலைஞரின் சொந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். மேடைப் பெயரும் வங்கிப் பெயரும் வேறாக இருக்கும் என்பதால், திரையில் வரும் பெயர் அவருடையதுதானா என்று ஒரு செய்தியில் கேட்டுக்கொண்ட பிறகே யுபிஐ ரகசிய எண்ணை அழுத்துங்கள். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே அன்பளிப்பு கொடுக்கும் சூப்பர் தேங்க்ஸிலும் உறுப்பினர் கட்டணத்திலும் 70 சதவீதம் கலைஞருக்கு. மாதச் சந்தா கட்டும் தளங்களை ஐபோன் செயலிக்குள் கட்டாமல் பிரவுசரில் கட்டுங்கள். செயலிக்குள் கட்டினால் ஆப்பிள் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும்.

வாங்கியதைத் தரவிறக்காமல் விடுவது கடைசியில் உறைக்கும் தவறு. பாட்டுச் செயலியான ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் மூடப்பட்டது, இன்னொரு செயலியான விங்க் மியூசிக்கும் அதே ஆண்டு மூடுவதாக அறிவித்தது. ஆண்டுக் கட்டணம் வாங்கும் விநியோகஸ்தரிடம் கலைஞர் ஒரு வருடம் கட்டத் தவறினால் பாட்டுகள் எல்லாச் செயலிகளிலிருந்தும் இறங்கிவிடலாம். பேண்ட்கேம்ப்பில் வாங்கியதும், தரம் குறையாத வடிவமான ஃபிளாக் கோப்பாக இறக்கி, கணினியில் ஒன்றும் வெளி டிரைவில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் போன தரம் திரும்பாது.

கமென்ட்டில் ஒரு சொல்

'சீக்கிரம் சினிமாவில் சான்ஸ் கிடைக்கும்' என்று எழுதுவது நம் ஊர் வாழ்த்து. எழுதுபவர் அன்பாகத்தான் எழுதுகிறார். ஆனால் தனக்கென்று ஓர் இசையைத் தேர்ந்துகொண்ட ஒருவரிடம், நீ செய்வது வேறொன்றுக்கான ஒத்திகை என்று சொல்வதாகிவிடுகிறது. பாட்டைப் பற்றியே எழுதுங்கள். '2:10-ல் பறை நுழையும் இடத்தில் மறுபடி பின்னால் போய்க் கேட்டேன்' என்று நேரத்தைக் குறித்து எழுதினால், யூடியூபில் அந்த எண்ணே லிங்க் ஆகும். அடுத்து வருபவர் அதைத் தொட்டு நேராக அங்கே போவார்.