ஒளிபரப்புக்கு முன்பே உயிரை விடும் காமெடி ஸ்கெட்சுகள்

அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி 1975-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான ஸ்கெட்சுகளை, அதாவது சில நிமிடக் காமெடிக் காட்சிகளை, செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து 40 ஸ்கிரிப்ட் வரை வாசிப்பார்கள். ஒரு டஜன் தேறினால் அதிகம். தேறியவற்றுக்கு செட் போட்டு, உடை தைத்து, சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர்கள் முன்னால் முழு ஒத்திகை. அங்கே சிரிப்பு வராதவற்றை இரவு 11.30 நேரலைக்கு முன்பே தூக்கிவிடுவார்கள். ஆக, ஒரு ஸ்கெட்ச் வெளியே வராமல் போவது அவமானமில்லை. ஆனால் பெரும்பாலானவை விழுவது ஒரே பள்ளத்தில்: சூழலையே ஜோக் என்று நம்பிவிடுவது.

'பேய் ஒன்று வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறது.' கேட்டதும் சிரிப்பு வரும். பேய் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும், 'எத்தனை வருட அனுபவம்?' என்றால் 'இருநூறு' என்று சொல்லும். அதன்பிறகு? பேய் என்பதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் அரங்கம் அடங்கிவிடும். மாறாக, நேர்காணல் எடுப்பவருக்குப் பேயைப் பிடித்துப்போகட்டும். சாப்பாட்டு இடைவேளை வேண்டாம், மருத்துவ விடுப்பு வேண்டாம், ஓய்வூதியம் வேண்டாம். அவர் முகம் மலர்ந்துகொண்டே போகிறது. அடுத்து உள்ளே வரும் உயிருள்ள இளைஞனிடம், 'சாவதில் உங்களுக்கு ஏதாவது ஆட்சேபனை உண்டா?' என்று கேட்கிறார். இப்போது கதை பேயைப் பற்றியதே அல்ல, முதலாளியைப் பற்றியது. ஸ்கெட்ச் நகர்வது என்றால் இதுதான்.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கல், எல்லாரையும் கிறுக்கர்களாக எழுதுவது. பேயைப் பார்த்துத் திகைக்க அந்த இளைஞனாவது வேண்டும். திகைக்க ஆளில்லாத இடத்தில் எதுவும் விசித்திரமில்லை.

முடிவு வராமல் திணறுகிறவர்கள் உடனே மாண்டி பைத்தானைக் காட்டுவார்கள். 1969-ல் பிபிசியில் வந்த அந்த பிரிட்டிஷ் காமெடிக் குழு கடைசி பஞ்ச்சையே கைவிட்டது உண்மைதான். திடீரென ஒரு ராணுவ அதிகாரி வந்து 'இது ரொம்ப அபத்தமாகப் போகிறது' என்று நிறுத்துவார், அல்லது குழுவில் ஒருவரான டெர்ரி கில்லியமின் அனிமேஷன் அடுத்த காட்சிக்கு இழுத்துப் போய்விடும். ஆனால் அதற்குள் சிரிக்க வேண்டியதெல்லாம் சிரித்து முடித்திருப்போம். நகல் எடுப்பவர்கள் எடுப்பது வெளியேறும் வாசலை மட்டும்.

மேசை வாசிப்பில் வரும் சிரிப்பும் ஏமாற்றும். அங்கே நடிப்புக் குறிப்புகளையும் சத்தமாக வாசிப்பார்கள். 'அவர் பூனையை மன்னிப்பது போலப் பார்க்கிறார்' என்ற வரிக்கு அறையே குலுங்கும். திரையில் அந்த வரி கிடையாது; ஒரு மனிதர் பூனையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். வசனத்திலோ செயலிலோ இல்லாத சிரிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேறு சில சாவுகளுக்கு எழுத்தாளர் பொறுப்பே இல்லை: செய்தி பழசாகிவிட்டது, சேனலின் வழக்கறிஞர்கள் தலையாட்டவில்லை, அடுத்தடுத்த இரண்டு ஸ்கெட்சிலும் அதே நடிகர், விக் மாற்ற நேரமில்லை.

நீளம் மட்டும் உங்கள் கையில். ஒத்திகைக்குப் பின் 'ஒரு நிமிடம் குறை' என்றால், சிரிப்பு வராத வரிகளைத்தான் முதலில் அடிக்கத் தோன்றும். அவற்றில் ஒன்று கடைசிச் சிரிப்புக்கு விதை போட்ட வரியாக இருக்கும். மேலே சொன்ன நேர்காணலில் ஓய்வூதிய வரியை அடித்துப் பாருங்கள், கடைசிக் கேள்வி பாதி பலமிழக்கும். அதைவிட, பேய் வந்து உட்காரும் வரையிலான வணக்கங்களை மொத்தமாக வெட்டிவிடலாம்.