நுண்துளை சிலிக்கான் சென்சார்: சிப் கரைவதைக் கவனிக்காமல் விடாதீர்கள்

புதிதாக அரித்தெடுத்த நுண்துளை சிலிக்கான் சிப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சாய்த்துப் பிடித்தால் பச்சை, சிவப்பு என்று நிறம் மாறும். ஆனால் அதன் பரப்பு முழுக்கச் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்புகள். காற்றிலேயே மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடையும். பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) வைத்தால் கரையவே தொடங்கிவிடும். இதை அப்படியே சென்சாராகப் பயன்படுத்துவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

படலத்தின் ஒளித்தடிமன் என்பது ஒளிவிலகல் எண்ணையும் தடிமனையும் பெருக்கி வருவது. துளைச் சுவரில் பொருத்திய ஆன்டிபாடி, தேடும் புரதத்தைப் பிடித்தால் அது கூடும்; சென்சார் அளப்பது இதைத்தான். சிலிக்கான் கரைந்தாலோ ஆக்சைடாக மாறினாலோ குறையும்; சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5, சிலிக்காவுக்கு 1.46தான். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஒளித்தடிமனை நேரத்தோடு வரையும் கோடு தட்டையாக வரும். பழி பாவம் ஆன்டிபாடி மேல் விழும். வெறும் பஃபரை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, கோடு நிலைக்கிறதா என்று பார்க்காமல் மாதிரியைச் செலுத்தவே கூடாது. நேரம் வீண் என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

சரி, எப்படிக் காப்பது? ஹைட்ரோசிலைலேஷன் செய்து, அதாவது பரப்பின் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பில் கரிமச் சேர்மத்தைச் சேர்த்து, சிலிக்கான்–கார்பன் பிணைப்பை உண்டாக்கலாம். 1998இல் வேதியியலாளர்கள் புரியாக், ஆலன் இருவரும் லூயி அமிலத்தின் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் சேர்மத்தின்) துணையோடு நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி பொருத்திய பரப்பு, பிஎச் 10 உள்ள கொதிக்கும் காரக் கரைசலையே தாங்கியது. அன்டெசிலெனிக் அமிலம் போட்டுச் சூடேற்றினால் முனையில், ஆன்டிபாடியைப் பிணைக்க உதவும் கார்பாக்சில் தொகுதியும் கிடைக்கும். ஆனால் நைட்ரஜன் செலுத்தி ஆக்ஸிஜனை வெளியேற்றாமல் சூடேற்றினால் ஆக்சைடும் கூடவே வளரும். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாருங்கள்: அலை எண் 1715 செ.மீ⁻¹ அருகே கார்பானைல் பட்டை வர வேண்டும், 1000–1100 பகுதியில் அகன்ற மேடு எழுந்தால் அது ஆக்சைடு. 2100 அருகே ஹைட்ரைடு பட்டை மிஞ்சத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

இன்னொரு வழி, பரப்பை வேண்டுமென்றே முன்கூட்டி ஆக்சைடாக்குவது. அப்படிப் போய், அமீன் முனை கொண்ட ஏபிடிஇஎஸ் என்ற சிலேனைப் பூசுபவர்கள், கரைப்பானான டொலுயீனில் ஈரம் விடக்கூடாது. சிலேன் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு அடுக்கடுக்காகத் துளை வாயை அடைத்துவிடும். ஆன்டிபாடி சுமார் 10 நானோமீட்டர். பூச்சுக்குப் பிறகும் அது தாராளமாக நுழைய வேண்டும். அரித்தவுடன் அளந்த துளை அளவை நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம், கார்பாக்சிலை இடிசி, என்எச்எஸ் என்ற பிணைப்பு வினைபொருள்கள் கொண்டு தயார்செய்யும்போது ட்ரிஸ் பஃபர் வேண்டாம். புரதத்துக்கு முன்னால் அதன் அமீன் போய் ஒட்டிக்கொள்ளும். நீர் ஒட்டாத பரப்பில் தண்ணீர் துளைக்குள் இறங்காது, முதலில் எத்தனால் விடுங்கள். துளை மிகுந்த படலத்தைத் தண்ணீரோடு உலரவிட்டால் விரிசல் விழும்; எத்தனால், பிறகு பென்டேன் என்று மாற்றி அலசுங்கள்.

அரிக்கும் அறையில், அமிலம் தோலில் பட்டால் முதலுதவிக்குத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால், சிலிக்கானை அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.