துளசி வாசத்துக்கு ஒரே மரபணுவைத் தேடாதீர்கள்

மூலிகைகளின் வாசத்தைப் பற்றி எழுதும் மாணவர்கள் முதலில் இடறுவது 'அரோமேட்டிக்' என்ற சொல்லில்தான். மணப்பதெல்லாம் அரோமேட்டிக் என்று நினைத்துவிடுகிறார்கள். வேதியியலில் அது பென்சீன் போன்ற வளையம் உள்ள சேர்மத்தைக் குறிக்கும். துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினாலுக்கு அந்த வளையம் உண்டு. திருநீற்றுப்பச்சிலையில் மணக்கும் லினலூலுக்குக் கிடையாது. மஞ்சளில் இருக்கும் குர்குமினில் இரண்டு வளையங்கள் இருந்தும் வாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை!

பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியாது. யூஜினால் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக உருவாகிறது. லினலூல் வருவது டெர்பீன் என்ற வேறொரு சேர்மக் குடும்பத்தின் வழியில். ஆகவே தேட வேண்டிய மரபணுக்களும் வேறு வேறு.

அடுத்தது, 'யூஜினால் மரபணு' என்று எழுதுவது. மரபணு தருவது நொதிக்கான குறிப்பை மட்டும். அந்த நொதிக்குக் கோனிஃபெரைல் அசிட்டேட் என்ற மூலப்பொருள் கிடைத்தால்தான் யூஜினால் வரும். கூமரைல் அசிட்டேட் கிடைத்தால் அதே நொதி சாவிகால் என்ற வேறொரு சேர்மத்தையும் செய்யும். சமையல்காரர் ஒருவரே, சரக்குக்கு ஏற்ப பதார்த்தம் மாறுகிறது.

என் கணக்கில் பெரிய தவறு, அமினோ அமில வரிசை ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒத்துப்போகிறது என்பதற்காக நொதிக்குப் பெயர் சூட்டுவது. திருநீற்றுப்பச்சிலையில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் இரண்டு நொதிகள் ஏறத்தாழ 90 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு யூஜினால் பிடிக்கும், மற்றதற்குச் சாவிகால். அந்த விருப்பத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே ஒரு அமினோ அமிலம். புதினா வகைகளிலும் இதே கதைதான்: லிமோனீன் என்ற டெர்பீனில் ஆக்சிஜன் எந்த இடத்தில் சேரும் என்பதை ஒரு அமினோ அமில மாற்றம் திருப்பிவிடுகிறது. அதனால் நொதியைப் பாக்டீரியாவில் தயாரித்து, மூலப்பொருளைக் கொடுத்து, என்ன வருகிறது என்று பார்த்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும்.

அப்புறம், எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்க, முழு இலையை அரைத்து ஆர்என்ஏ (இயங்கும் மரபணுவின் நகல்) எடுப்பது. துளசிக் குடும்பத்தில் எண்ணெய் பெரும்பாலும் இலைமேல் உள்ள சுரப்பித் தூவிகளில்தான் உருவாகிறது. முழு இலையில் அந்தச் செல்களின் குரல் அமுங்கிப்போகும்.

துளசியின் மரபணுத்தொகுதி 2015இல் வெளியாகிவிட்டது, லக்னோ குழு ஒன்று, பெங்களூரு குழு ஒன்று. அதை வைத்து உங்கள் வீட்டுத் தொட்டிச் செடியின் எண்ணெயைக் கணித்துவிட முடியாது. ஒரே இனத்திலேயே ஒரு செடியில் யூஜினாலும் இன்னொன்றில் வேறொன்றும் மிகுந்திருக்கலாம். இளந்தளிரா முற்றிய இலையா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். பறித்த இலையின் வயதை நோட்டில் குறிக்காவிட்டால் இரண்டு செடிகளை ஒப்பிடவே முடியாது.