பதின்வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்?

சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த ஜனவரியில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. நல்லதா ஒரு புக் சொல்லுங்க."

"என்ன மாதிரி கதை பிடிக்கும்மா?" கடைக்காரர் பெண்ணைப் பார்த்துக் கேட்பார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களே எடுத்துக் குடுங்க" என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.

அதற்குள் அந்தப் பெண் பக்கத்து அடுக்கில் ஒரு பேய்க்கதையை எடுத்து நாலு பக்கம் படித்திருப்பாள். ஆனால் பில் போடுவது அதற்கு அல்ல. அக்னிச் சிறகுகளோ பொன்னியின் செல்வன் முதல் பாகமோதான் பையில் ஏறும்.

புத்தகம் பரிந்துரைக்கிறவர்கள் பெரும்பாலும் எதிரே நிற்கிற பிள்ளைக்காகத் தேடுவதில்லை. பதினைந்து வயதில் தாங்கள் எப்படி இருந்தார்களோ அந்த ஆளுக்காகத் தேடுகிறார்கள். இல்லையென்றால் இந்தப் பிள்ளை நாளைக்கு எப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்களோ அந்த ஆளுக்காக. மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

எடுத்த எடுப்பில் பொன்னியின் செல்வன்

சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தமிழில் முதல் நாவல் படிக்கப் போகிற பிள்ளைக்கு ஐந்து பாகத்தையும் கட்டாகக் கட்டிக் கொடுப்பது நல்ல யோசனை இல்லை. அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. அன்றைய வாசகருக்கு ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வாரம் கிடைத்தது. யார் யாருக்கு என்ன உறவு, யார் யார் பக்கம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த நிதானத்துக்காக எழுதியதை ஒரு கோடை விடுமுறைக்குள் ஒற்றை ஆளாகப் படித்து முடி என்கிறோம்.

ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கம் யாரையும் இழுக்கும். சிக்கல் கடம்பூர் மாளிகைக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. பழுவேட்டரையர், சம்புவரையர், மதுராந்தகர், ஆதித்த கரிகாலர் என்று பெயர்களும் பட்டப் பெயர்களும் குவிகின்றன. பழகாத பிள்ளை அங்கேதான் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கும். 2022, 2023-இல் வந்த படங்களைப் பார்த்துவிட்டுத் தானாகக் கேட்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். முகங்கள் ஏற்கெனவே மனதில் இருப்பதால் பெயர்கள் மிரட்டாது. மற்றவர்களுக்குக் கல்கியிலேயே பார்த்திபன் கனவு இருக்கிறது. ஒரே புத்தகம், ஆட்கள் குறைவு. இளவரசன் விக்கிரமன் தப்பிப்பானா, அந்தச் சிவனடியார் உண்மையில் யார் என்ற கேள்வியே கடைசி வரை ஓட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஏகப்பட்ட மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. எறும்பு எழுத்தும் அச்சுப் பிழையும் நிறைந்த பதிப்பை எடுத்துவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் ஆர்வமே இல்லை என்று குறைப்படாதீர்கள். வாங்கும் முன் ஒரு பக்கத்தைப் பிரித்து, எழுத்தின் அளவைப் பாருங்கள்.

வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் மெதுவாக. கதை ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு திட்டுவதில் பயனில்லை. உரையாடல் நிறைய இருக்கிற கதை, பத்துப் பக்கச் சிறுகதை, காமிக்ஸ் இவைதான் இங்கே கைகொடுக்கும்.

காமிக்ஸ் என்றதும் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் படித்தே தமிழ் வாசிப்பு கைவந்தவர்கள் இன்று ஐம்பது வயதில் பெரிய பெரிய நாவல் படிக்கிறார்கள். ராத்திரி முழுக்க போனில் மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை படிக்கிற பையனுக்குப் படமும் எழுத்தும் சேர்ந்து வருகிற புத்தகம் எப்படிக் கேவலம் ஆகும்?

வட்டார வழக்கையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சில் கோவில்பட்டிப் பிள்ளை தன் பாட்டி குரலைக் கேட்கும், அண்ணா நகர்ப் பிள்ளை வரிக்கு வரி நிற்கும். அதற்காகக் கி.ரா.வை ஒதுக்க வேண்டியதில்லை. 'கதவு' சிறுகதையிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை, அதாவது வரி, கட்டவில்லை என்று ஒரு நாள் ஊர்த் தலையாரியும் ஆட்களும் அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

கருத்து இருந்தால் போதும் என்று நினைப்பது

பள்ளி ஆண்டு விழாப் பரிசுகளில் பாதி இந்த ரகம்தான். திருக்குறள் உரை, தன்னம்பிக்கைக் கட்டுரைகள், தலைவர் வரலாறு. மோசமான புத்தகங்கள் என்று சொல்லவில்லை. பரிசு என்று வாங்கிப் பிரித்ததும் உபதேசம் எட்டிப் பார்த்தால் பதினாலு வயசு மூடி வைத்துவிடும், அவ்வளவுதான்.

அக்னிச் சிறகுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒரு ராமேஸ்வரத்துப் பையன் இருக்கிறான். போர்க் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி வர, பொறுக்கி விற்றுக் காசு பார்க்கிறான். ஓடும் ரயிலிலிருந்து எறிகிற பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்க உதவி முதல் சம்பளம் வாங்குகிறான். ராக்கெட் தொழில்நுட்பம் பின்னால் வருகிறது. "ராமேஸ்வரம் வரைக்கும் படி, மிச்சம் உன் இஷ்டம்" என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் புத்தகம் பிழைக்கும்.

இருட்டான கதை வேண்டாம் என்று தடுப்பது

சாவு, அநியாயம், காதல், பயம் எல்லாம் அந்த வயதுக்குத் தெரிந்தவைதான். வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள், போனில் பார்க்கிறார்கள். புத்தகத்தில் மட்டும் முயலும் ஆமையும் என்றால் எப்படி? இரா. நடராசனின் ஆயிஷா சின்னஞ்சிறு புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வகுப்பில் கேள்வி கேட்டே அடி வாங்குகிற ஒரு மாணவியைப் பற்றி அவளுடைய அறிவியல் ஆசிரியை எழுதுகிற முன்னுரையாகக் கதை போகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். படித்த பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பதறாதீர்கள். பத்து, பன்னிரண்டு வயதுக்கு யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். தப்பான தொடுதலைப் பற்றி வீட்டில் பேச வாய் வராதவர்களுக்கு அது பெரிய உதவி.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் கொடுத்துவிட முடியாது. பதின்மூன்றும் பதினேழும் ஒரே வயது இல்லை. கிரிக்கெட் பைத்தியமான பையனுக்கு அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு பொருத்தம்தான். கிரிக்கெட் ஆடித் திரிகிற செகந்திராபாத் பையன் ஒருவன் 1947-48 ஹைதராபாத் கலவரத்துக்குள் வளர்கிற கதை. ஆனால் அதன் கடைசிப் பக்கங்களுக்குப் பதினாறு தாண்டியிருக்க வேண்டும். சுஜாதாவிலும் அப்படித்தான். என் இனிய இயந்திராவில் பேசுகிற இயந்திர நாய் ஜீனோவைப் பிடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய துப்பறியும் கதைகள் சிலவற்றில் வக்கீல் கணேஷின் ஜூனியர் வசந்த் பெண்களைப் பார்த்து அடிக்கிற கமெண்டுக்கு இன்றைய பதினைந்து வயசுப் பெண் சிரிக்க மாட்டாள். நீங்கள் படித்தது நாற்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு செய்கிற தவறு

"எத்தனை பக்கம் ஆச்சு?", "கதையைச் சொல்லு பார்ப்போம்", "தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் எழுதி வை." இந்த மூன்றும் போதும், நல்ல புத்தகமும் பாடமாகிவிடும். ஜெயமோகனின் யானை டாக்டர் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தேர்வுக்கு நெடுவினாவாக மனப்பாடம் செய்தவனுக்கு அது தலைவலி. தானாகக் கையில் எடுத்தவன் அழுக்கையும் புழுவையும் பார்த்து முகம் சுளித்து, பிறகு அந்த மருத்துவரை விட மனம் வராமல் முடிக்கிறான்.

பாதியில் விடவும் அனுமதி வேண்டும். "முந்நூறு ரூபா குடுத்து வாங்கினது, முடி" என்று கெடுபிடி செய்கிற வீடாக இருந்தால் கடைக்குப் போகாமல் கிளை நூலகத்துக்குப் போங்கள். பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். மூன்று நான்கு புத்தகங்களைக் காட்டி, தேர்வை அவர்களிடமே விடுங்கள். பேய்க்கதையை எடுத்தால் எடுக்கட்டும். ஒன்று பிடித்துப்போனால் உடனே வேறு நல்ல எழுத்தாளருக்குத் தாவச் சொல்லாமல் அதே ஆளின் அடுத்த புத்தகத்தைக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். என் இனிய இயந்திராவுக்கு அடுத்தது மீண்டும் ஜீனோ.