சிமுலேஷன் கால்பந்து லீக்கில் விருதும் கணிப்பும்: ஆரம்பநிலை ஆட்களுக்கு ஒரு செய்முறை

நண்பர்கள் சிலர் ஆளுக்கொரு கிளப்பை எடுத்துக்கொண்டு, ஃபுட்பால் மேனேஜர் மாதிரி ஒரு கேமில் சீசன் முழுக்க மோதுகிறீர்கள். ஆள் வாங்குவதும் அணியை அமைப்பதும் உங்கள் வேலை, ஆட்டத்தை ஆடுவது கணினி. கடைசி ஆட்டம் முடிந்ததும் அடுத்த பஞ்சாயத்து தொடங்கும்: இந்த சீசனின் சிறந்த வீரர் யார், அடுத்த சீசன் கோப்பை யாருக்கு?

முதல் முறை இந்த வாதத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விருது நடந்து முடிந்ததைப் பற்றியது. கணிப்பு நடக்கப் போவதைப் பற்றியது. ஒன்றுக்குச் செல்லுபடியாகும் ஆதாரம் மற்றொன்றுக்குச் செல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகள் எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

படி 1: பெயரைச் சொல்லும் முன் கேள்வியை எழுதுங்கள்

"சிறந்த வீரர்" என்பதற்கு என்ன பொருள்? அதிகம் சாதித்தவரா, தன் அணிக்கு மிகவும் தேவைப்பட்டவரா, சாம்பியன் அணியின் முக்கியமான ஆளா? இதை முடிவு செய்யாமல் பேசினால், இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நிஜக் கால்பந்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021-22ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சீசனில் முகமது சலா 23 கோல் அடித்து, 13 அசிஸ்ட்டும் (கோலுக்கு வழி செய்யும் கடைசி பாஸ்) கொடுத்தார். கெவின் டி பிரய்ன 15 கோல், 8 அசிஸ்ட். ஆனால் டி பிரய்னவின் மான்செஸ்டர் சிட்டி 93 புள்ளியோடு சாம்பியன், சலாவின் லிவர்பூல் 92 புள்ளியோடு இரண்டாம் இடம். தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் விருது சலாவுக்குப் போனது. லீக் நிர்வாகம் தரும் சீசனின் சிறந்த வீரர் விருது டி பிரய்னவுக்குப் போனது. ஒரே சீசன், ஒரே ஆட்டங்கள், இரண்டு பதில்கள். இரண்டையும் நியாயப்படுத்தலாம். எனக்குக் கேட்டால் சலாதான். ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தனி வீரர் விருதுக்குள் கொண்டுவருவது கொஞ்சம் அதிகம்.

உலகின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் பலோன் டி'ஓர் விருதும் 2022ல் விதியைத் திருத்தியது. காலண்டர் ஆண்டுக்குப் பதில் சீசனைக் கணக்கில் எடுத்தார்கள், தனிப்பட்ட ஆட்டத்துக்கே முதலிடம் என்றும் சொன்னார்கள். நீங்களும் இப்படி இரண்டு வரி எழுதி, எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிடுங்கள். எந்தத் தேதி வரை நடந்த ஆட்டங்கள் சேரும், கோப்பைப் போட்டிகள் சேருமா, குறைந்தது எத்தனை நிமிடம் ஆடியிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இதை சீசன் தொடங்கும் முன்பே செய்வது நல்லது. பாதியில் எழுதினால், யாருடைய வீரர் முன்னணியில் இருக்கிறாரோ அவருக்கு ஏற்ற மாதிரி விதி வளையும்.

படி 2: மொத்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

கேமில் இருந்து புள்ளிவிவரத்தை ஒரு எக்செல் தாளுக்குக் கொண்டு வாருங்கள். கோல், அசிஸ்ட், ஆடிய நிமிடம், பெனால்டி கோல், எக்ஸ்ஜி இவ்வளவு போதும். எக்ஸ்ஜி என்பது ஒரு வாய்ப்பு கோலாக மாற எவ்வளவு சாத்தியம் என்று 0க்கும் 1க்கும் இடையில் போடும் மதிப்பு. பெனால்டிக்கு அது சுமார் 0.76 முதல் 0.79 வரை இருக்கும்.

இப்போது இரண்டு கணக்கு போடுங்கள். முதலாவது, பெனால்டியைக் கழிப்பது. ஒருவர் 20 கோல், அதில் 7 பெனால்டி. இன்னொருவர் 16 கோல், பெனால்டியே இல்லை. கழித்துப் பார்த்தால் 13க்கு 16. பட்டியல் தலைகீழாகிவிட்டது. (பெனால்டி அடிப்பதும் திறமைதானே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். திறமைதான். ஆனால் அந்த ஏழு வாய்ப்பையும் உருவாக்கியது அவராக இருக்கவேண்டியதில்லை.)

இரண்டாவது, 90 நிமிடத்துக்கு எத்தனை என்று பார்ப்பது. 1,800 நிமிடம் ஆடி 14 கோல் அடித்தவருக்கு 0.70. 2,880 நிமிடம் ஆடி 17 கோல் அடித்தவருக்கு 0.53. இங்கே அவசரப்படாதீர்கள். வேகம் முதல்வருக்கு அதிகம், ஆனால் சீசன் முழுக்கத் தோளில் சுமந்தவர் இரண்டாமவர். விருது நடந்ததற்கு என்பதால் நான் இரண்டாமவர் பக்கம் சாய்வேன். அடுத்த சீசன் யார் அதிகம் அடிப்பார் என்ற கணிப்பில் முதல்வரின் பெயர் மேலே வரலாம். ஒரே தாள்தான், கேள்வி மாறியதும் பதில் மாறுகிறது.

உங்கள் லீக்கில் இரண்டு டிவிஷன் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். கீழ் டிவிஷனில் 30 கோல் அடித்தவரை மேல் டிவிஷனில் 22 அடித்தவரோடு எப்படி ஒப்பிடுவது? ஐரோப்பிய லீக்குகளில் அதிகம் கோல் அடித்தவருக்கான கோல்டன் ஷூ விருது இதற்கு 1996-97 முதல் எடை போடுகிறது: தரவரிசையில் முதல் ஐந்து லீக்குகளில் ஒரு கோலுக்கு 2 புள்ளி, அடுத்த அடுக்குக்கு 1.5, மற்றவற்றுக்கு 1. அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

படி 3: கோல் அடிக்காதவர்களுக்கும் ஒரு வழி வையுங்கள்

பலோன் டி'ஓர் 1956ல் இருந்து கொடுக்கப்படுகிறது. அதை வென்ற ஒரே கோல்கீப்பர் 1963ல் லெவ் யாஷின். 2006ல் ஃபாபியோ கன்னவாரோ வென்றபோது, ஒரு டிஃபெண்டருக்கா என்று பலர் புருவத்தை உயர்த்தினார்கள். இந்தச் சாய்வு நம் லீக்கிலும் இருக்கும், கேமே அதைக் கூட்டிக் கொடுக்கும். பத்துக்கு இத்தனை என்று கேம் போடும் ரேட்டிங்கில் கோலும் அசிஸ்ட்டும் வேகமாக மதிப்பெண் ஏற்றும். எதிரணியின் பந்தை அமைதியாக வெட்டி எடுக்கும் தற்காப்பு மிட்ஃபீல்டருக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. எனவே ரேட்டிங்கை ஒரே பதவியில் ஆடுபவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்ட்ரைக்கரின் 7.4, சென்டர் பேக்கின் 7.2 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

கோல்கீப்பர் விருதுக்கு கிளீன் ஷீட் (கோலே வாங்காத ஆட்டம்) எண்ணிக்கையைக் காட்டுவது வழக்கம். அது பாதி அவர் முன்னால் நிற்கும் நால்வரின் சாதனை. இலக்கை நோக்கி வந்த ஷாட்களின் எக்ஸ்ஜியை (ஷாட் போன இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதை) கூட்டி, அதிலிருந்து வாங்கிய கோலைக் கழித்துப் பாருங்கள். 45 கோல் விழவேண்டிய இடத்தில் 38 மட்டும் விழுந்திருந்தால், அவர் ஏழு கோலைத் தடுத்திருக்கிறார். பலவீனமான அணியின் கீப்பர் மேலே வருவது இப்படித்தான்.

சிமுலேஷனுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. கேம் இன்ஜினின் ஓட்டையைப் பிடித்து, ஒவ்வொரு கார்னரையும் ஒரே டிஃபெண்டரின் தலைக்கு அனுப்பி 15 கோல் வாங்குகிற மேனேஜர்கள் இருப்பார்கள். அந்த டிஃபெண்டருக்கு விருதா? விதியில் தடை இல்லாவிட்டால் கோல் கோல்தான். ஆனால் கார்னர் கோல்களைத் தனியாகக் காட்டிவிட்டு, வாக்காளர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 4: வீரரின் திறன் எண்களை எங்கே பயன்படுத்தலாம்?

இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃபுட்பால் மேனேஜரில் வீரரின் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை ஒரு எண் உண்டு. நிலைத்தன்மை, பெரிய ஆட்டங்களில் ஆடும் தன்மை போன்ற சில மறைவாக இருக்கும். "என் ஆளுக்கு ஃபினிஷிங் 18, அவனுக்கு 14தான், அதனால் விருது எனக்கு" என்று ஒருவர் வாதாடினால், பரீட்சை எழுதாமலே மார்க் கேட்பது போலத்தான். விருதுக்கு அது செல்லாது. 14ஐ வைத்துக்கொண்டு ஒருவர் 24 கோல் அடித்திருந்தால் அவருக்குப் பெருமை கூடத்தான் வேண்டும்.

அடுத்த சீசன் கணிப்புக்கு அதே எண் மிகவும் பயன்படும். 14 உள்ளவர் இந்த முறை வாய்ப்புகளை மிஞ்சி அடித்திருந்தால், அடுத்த முறை இறங்கி வர வாய்ப்பு அதிகம். மறைவான எண்களை எடிட்டர் (கேமின் தரவைத் திறந்து காட்டும் கருவி) போட்டுப் பார்ப்பதைத் தடை செய்வதா இல்லையா என்பதை லீக் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். தடை செய்யுங்கள் என்பது என் கட்சி. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தால் கணிப்பதில் என்ன சுவை?

படி 5: வாதத்தை எழுதுவது

ஒரு நல்ல வாதத்துக்கு மூன்று நான்கு வரி போதும். "எங்கள் விதிப்படி தனிப்பட்ட ஆட்டம் முதல் அளவுகோல். இவர் பெனால்டி இல்லாமல் 16 கோல், அதில் ஆறு முதல் நான்கு அணிகளுக்கு எதிராக. போட்டியாளர் 20 அடித்தார், ஆனால் 7 பெனால்டி. அவர் ஆடிய நிமிடம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும்..." எதிராளியின் வலுவான புள்ளியை நீங்களே சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் சொல்வார், அப்போது அது நீங்கள் ஒளித்து வைத்த விஷயம் மாதிரித் தெரியும்.

படி 6: வாக்கெடுப்பு

ஆளுக்கு ஒரு பெயர் என்று கேட்காதீர்கள். மூன்று பெயரை வரிசைப்படுத்தச் சொல்லி 5, 3, 1 புள்ளி கொடுங்கள். ஒன்பது பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

- நான்கு பேரின் வரிசை: அ, ஆ, இ
- மூன்று பேரின் வரிசை: ஆ, இ, அ
- இரண்டு பேரின் வரிசை: இ, ஆ, அ

ஒற்றை வாக்கு என்றால் அ நான்கு வாக்கில் ஜெயிப்பார். மற்ற ஐந்து பேரும் அவரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. புள்ளி முறையில் ஆ 33, அ 25, இ 23. யாருக்கும் கடைசித் தேர்வாக இல்லாத ஆ முதலிடம். சிறிய லீக்குக்கு இதுதான் பொருத்தம். அப்புறம், தன் கிளப் வீரருக்கு யாரும் வாக்களிக்கக் கூடாது. இந்த ஒரு விதி பாதிச் சண்டையைக் குறைத்துவிடும்.

படி 7: கணிப்பை சதவீதத்தில் சொல்லுங்கள்

"சாம்பியன் நிச்சயம் எங்கள் ஆள்தான்" என்பது கோஷம். "45 சதவீதம்" என்பது கணிப்பு. பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி 2014-15ல் 14ஆம் இடம். அடுத்த சீசன் தொடக்கத்தில் அவர்கள் சாம்பியன் ஆவார்கள் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5,000 என்று இருந்தது, அதாவது சுமார் 0.02 சதவீதம். 81 புள்ளியோடு கோப்பையைத் தூக்கினார்கள். எந்த அணிக்கும் பூஜ்யம் போடாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

தொடங்குவதற்குப் போன சீசனின் புள்ளி அட்டவணையை எடுக்காமல் எக்ஸ்ஜி வித்தியாசத்தை (அணி உருவாக்கிய எக்ஸ்ஜியில் எதிரணிக்குக் கொடுத்ததைக் கழித்தது) எடுங்கள். புள்ளிகளில் அதிர்ஷ்டம் அதிகம் கலந்திருக்கும். அதிலிருந்து டிரான்ஸ்பர், வயது, காயம் என்று கூட்டிக் கழியுங்கள். உச்சத்தில் இருந்தவர்களைச் சற்றுக் கீழே இழுங்கள். எர்லிங் ஹாலண்ட் 2022-23ல் 36 கோல் அடித்து லீக் சாதனை படைத்தார், அடுத்த சீசன் 27. இரண்டு முறையும் கோல்டன் பூட் (லீக்கில் அதிகம் கோல் அடித்தவருக்கான விருது) அவருக்கே. அவர் மோசமாகிவிடவில்லை, 36 என்பது எட்டாத உயரம்.

ஒரு ஆட்டத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் எக்செல்லின் பாய்சான் ஃபங்ஷன் கைகொடுக்கும்: சராசரியைக் கொடுத்தால் 0, 1, 2 கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். உள்ளூர் அணி சராசரியாக 1.5, வெளியூர் அணி 1.0 கோல் அடிக்கும் என்று போட்டால், உள்ளூர் வெற்றி சுமார் 49 சதவீதம், டிரா 26, தோல்வி 25 என்று வரும். பலமான அணி தன் மைதானத்தில் ஆடும்போதுகூட பாதிக்குப் பாதி ஆட்டம் வெற்றியாகாது என்பது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

படி 8: சீசனை மறுபடி ஓட்டிப் பார்ப்பது

நிஜக் கால்பந்தில் கிடைக்காத ஒரு வசதி இது. சீசன் தொடங்கும் முன் சேவ் ஃபைலை நகல் எடுத்து, அந்த நகலில் சீசனை மறுபடி மறுபடி ஓட்டுங்கள். 100 முறை ஓட்டி ஒரு அணி 50 முறை ஜெயித்தால், உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 40க்கும் 60க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். பத்து முறை ஓட்டிவிட்டு அடித்துப் பேசுபவரை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்படி ஓட்டும்போது மனித மேனேஜர்கள் விடுமுறையில் இருப்பார்கள், கிளப்பைக் கணினி தன் போக்கில் நடத்தும். உங்கள் லீக்கின் பலமே ஒரு கில்லாடி மேனேஜரின் தந்திரம்தான் என்றால், அவருடைய அணிக்கு வரும் எண் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கையால் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்த முடிவுகளை விருது வாதத்துக்கு இழுத்து வராதீர்கள். "நூறு முறை ஓட்டினால் எண்பது முறை என் ஆள்தான் அதிகம் அடிப்பான்" என்பது உண்மையாகவே இருக்கட்டும். விருது நடந்த அந்த ஒரு சீசனுக்கு.

படி 9: கணிப்புக்கு மதிப்பெண்

கணிப்புகளை சீசன் தொடங்கும் முன் தேதியோடு எழுதிப் பூட்டிவிட வேண்டும். பிறகு மதிப்பெண். 1950ல் கிளென் பிரையர் வானிலைக் கணிப்புகளைச் சோதிக்கக் கொடுத்த முறை நமக்கும் போதும்: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 70 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் 0.3இன் வர்க்கம், 0.09. நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று மழுப்புபவருக்கு எப்போதும் 0.25. நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தவறினால் முழுசாக 1.00 ஏறும். சராசரி குறைவாக இருப்பவரே வெற்றியாளர்.

குறைந்தது இருபது கேள்விகளாவது வையுங்கள்: சாம்பியன், கடைசி இடம், கோல்டன் பூட் எண்ணிக்கை 25ஐத் தாண்டுமா, எந்த மேனேஜர் நடு சீசனில் நீக்கப்படுவார், இப்படி. மூன்று நான்கு கேள்வியோடு நின்றால் குருட்டு அதிர்ஷ்டக்காரர்தான் மேலே வருவார். அடுத்த முறை விருது வாக்கெடுப்பில் டை விழுந்தால், இந்தப் பட்டியலில் முதலில் இருப்பவரின் வாக்கு முடிவு செய்யட்டும் என்றும் ஒரு விதி சேர்த்துப் பாருங்கள். சீசன் நடுவில் கணிப்புத் தாளை யாரும் மறக்க மாட்டார்கள்.