ஹெவி என்றாலே கனம்தானா?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப் பழகுபவர்கள் 'ஹெவி' என்ற பெயரடையைக் கண்டதும் 'கனமான' என்று எழுதிவிடுவார்கள். ஹெவி பாக்ஸ் கனமான பெட்டிதான், அதில் தவறில்லை. ஹெவி ரெயினும் கனமழை என்று தமிழில் நிலைத்துவிட்டதால் உறுத்துவதில்லை. ஆனால் ஹெவி டிராஃபிக்கைக் 'கனமான போக்குவரத்து' என்று எழுதினால், வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும் காட்சிக்குப் பதிலாக, பார வண்டிகள் மட்டுமே ஓடும் சாலைதான் படிப்பவரின் கண்முன் வரும்.

ஆகவே பெயரடையைச் சற்று ஒதுக்கிவிட்டு, அது எந்தப் பெயர்ச்சொல்லின் முன் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பொருளைத் தராசில் வைக்க முடியாதென்றால், பேச்சு பெரும்பாலும் அளவையோ செறிவையோ கடுமையையோ பற்றியது: ஹெவி ஃபாக் அடர்ந்த மூடுபனி, ஹெவி லாஸ் பெருத்த நஷ்டம், ஹெவி ஃபைன் கடுமையான அபராதம். தராசில் ஏறக்கூடியவற்றிலும் விலக்கு உண்டு; ஹெவி மீல் என்பது எடையைவிட, வயிற்றை மந்தமாக்கும் சாப்பாட்டையே குறிக்கிறது.

ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் சொல்லோடு இது சேரும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஹெவி ஸ்மோக்கர் ஈர்க்குச்சி போல மெலிந்தவராகவும் இருக்கலாம், ஏனென்றால் இங்கே ஹெவி என்பது ஆளைப் பற்றியதே அன்று. அவர் புகைக்கும் செயலைப் பற்றியது. இலக்கணப்படி பெயரடையாக நின்றாலும் பொருளால் அது வினையடை. எனவே தமிழிலும் வினையைக் கொண்டே சொல்ல வேண்டும்: 'ஓயாமல் புகைபிடிப்பவர்'. ஹெவி ஸ்லீப்பரை 'இடி இடித்தாலும் எழாதவர்' என்று எழுதலாம். கும்பகர்ணன் என்றே சொல்லிவிட்டாலும் குற்றமில்லை, எழுதுவது மருத்துவக் குறிப்பாக இல்லாதவரை. ஐயம் வந்தால் பெயரடையை வாக்கியத்தின் கடைசிக்கு நகர்த்திப் பாருங்கள். 'அந்தப் பெட்டி ஹெவி' என்பதில் பொருள் மாறவில்லை. 'அந்த ஸ்மோக்கர் ஹெவி' என்றால் அவர் பருமனானவர் என்று ஆகிவிடுகிறது.

துறைச்சொற்களில் சொந்த யோசனைக்கு இடமில்லை. வழக்கில் இருப்பதையே எடுத்தாள வேண்டும். ஹெவி வாட்டரைக் கனநீர் என்கிறோம். சாதாரண ஹைட்ரஜனின் இடத்தில், 1931இல் கண்டறியப்பட்ட டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகை இருப்பதால், ஒரு லிட்டர் கனநீர் ஏறக்குறைய 1.1 கிலோ இருக்கும். அதை உறையவைத்த பனிக்கட்டி சாதாரணத் தண்ணீரில் மூழ்கிவிடும். பெட்டியைப் போலவே இங்கேயும் சொல் சொன்னபடியே நடந்துகொள்கிறது.

பெயர்ச்சொல்லைப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாத இடங்களும் உண்டு. 'இந்தப் புத்தகம் ரொம்ப ஹெவி' என்று ஒருவர் சொன்னால், அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னாரா, நாற்பது பக்கம் படித்துவிட்டுச் சொன்னாரா என்பதை அடுத்த வாக்கியத்தைப் படித்த பிறகே எழுத முடியும்.