பவர் வால்வு மாற்றியாச்சு, பயாஸ் எவ்வளவு வைப்பது?

கிட்டார் ஆம்ப்பில் புது பவர் வால்வு (ஸ்பீக்கரை இயக்கும் கண்ணாடி வால்வு) மாட்டியதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, "எத்தனை மில்லி ஆம்பியர் வைக்கணும்?" என்பதுதான். யாராவது 35 என்பார், நாமும் அதையே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவோம். அவருடைய ஆம்ப்பில் இருப்பது 6எல்6ஜிசி என்ற பெரிய வால்வு, நம்முடையதில் 6வி6 என்ற சின்ன வால்வு என்றால் அந்த 35 நம் வால்வைச் சிவக்க வைத்துவிடலாம். நம் ஆம்ப்புக்கான எண்ணை நாமே அளந்து கணக்குப் போட்டால்தான் உண்டு.

பயாஸ் என்றால் என்ன? வால்வு என்ற பெயரே பாதி பதில். நாம் எதுவும் வாசிக்காதபோது கரண்ட் பாயும் குழாயை எவ்வளவு திறந்து வைப்பது என்பதுதான் விஷயம். வால்வுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலையில் மைனஸ் வோல்டேஜ் கூடினால் குழாய் மூடும், குறைந்தால் திறக்கும்.

முதலில் உங்கள் ஆம்ப்புக்கு இந்த வேலை தேவையா என்று பாருங்கள். வாக்ஸ் ஏசி30 போன்றவை கேத்தோடு பயாஸ், அதாவது பயாஸைத் தானே பார்த்துக்கொள்பவை, அவற்றில் திருகுவதற்கு எதுவும் கிடையாது. 12ஏஎக்ஸ்7 மாதிரியான சின்ன ப்ரீஆம்ப் வால்வுகளை மாற்றினாலும் இந்தப் பேச்சே வேண்டாம். கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்ப்தான் நமக்கு வேலை வைப்பது. பெயர் ஃபிக்ஸ்டு, ஆனால் அதைத்தான் நாம் மாற்றப் போகிறோம். இந்தப் பெயரை வைத்தவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இனி உயிர் சமாச்சாரம். ஆம்ப் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கும். அணைக்கும்போது ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள், அப்போதுதான் எல்லா கெப்பாசிட்டரும் சேர்ந்து வடியும். அப்புறம் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்பால் சேஸிஸுக்கும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) கெப்பாசிட்டருக்கும் நடுவே சில விநாடிகள் பிடித்து, மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டிய பிறகே உள்ளே கை. ஆம்ப் ஓடும்போது அளந்தால் கருப்பு முனை கிளிப்பாக சேஸிஸில், ஒரு கை பாக்கெட்டில். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் போய்விடும். இதெல்லாம் பயமாக இருந்தால், வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் பயாஸ் ப்ரோப் வாங்குங்கள், காசு வீண் இல்லை.

கரண்ட்டை அளக்க நான் செய்வது: ஒவ்வொரு பவர் வால்விலும் 8-ஆம் பின்னுக்கும் (கேத்தோடு) சேஸிஸுக்கும் நடுவே உள்ள நேரடிக் கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிடுவேன். அதன் மேல் 1 மில்லி வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர், அவ்வளவுதான். இதில் வால்வின் இன்னொரு முனையான ஸ்க்ரீனின் கரண்ட்டும் கொஞ்சம் கலந்திருக்கும், ஆனால் அந்தப் பிழை பாதுகாப்பான பக்கம்தான்.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம், இரண்டு 6வி6ஜிடி. இந்த வால்வின் பிளேட் (கரண்ட் போய்ச் சேரும் தகடு) தாங்கும் அளவு பழைய டேட்டா ஷீட்டில் 12 வாட், பின்னால் வந்தவற்றில் 14. வாசிக்காதபோது அதில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 14-இல் அது 9.8 வாட். எல்லா வால்யூமும் பூஜ்யத்தில், கிட்டார் செருகாமல், கால் மணி நேரம் சூடாகவிட்டு, 3-ஆம் பின்னில் பிளேட் வோல்டேஜைப் பாருங்கள். 425 வோல்ட், கரண்ட் 15 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 6.4 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ரொம்பக் குளிர்ச்சி, அதாவது கரண்ட் போதாது. பயாஸ் பாட் என்ற திருகை மெதுவாகத் திருகி 23-க்குக் கொண்டுவந்தால் பிளேட் வோல்டேஜ் 410-க்கு இறங்கியிருக்கும், ஏனென்றால் கரண்ட் கூடினால் அது குறையும். அதனால் ஒவ்வொரு திருகலுக்கும் இரண்டையும் திரும்ப அளக்க வேண்டும். இப்போது பக்கத்து வால்வு 25 காட்டுகிறது என்றால்? 25-ஐ 410-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 10.25 வாட், எல்லையைத் தாண்டிவிட்டது. அதிகம் இழுக்கும் வால்வை வைத்துத்தான் கணக்கு. கொஞ்சம் பின்வாங்கி 21-ம் 23-மாக நிறுத்துங்கள். மேட்ச்டு பேர் (ஒத்த ஜோடி) என்று விற்றாலும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் வித்தியாசம் சகஜம், ஆறேழு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

70 சதவீதம் உச்சவரம்பு, இலக்கு இல்லை. 60-இலேயே காதுக்கு நன்றாக இருந்தால் அங்கேயே விடுங்கள், வால்வும் நாள்படும். ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தால் மெல்ல வாசிக்கும்போதும் சுரம் அடங்கும்போதும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும்.

கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட்டைப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் சரி, நீல மினுக்கமும் பெரும்பாலும் சரி, சாம்பல் நிறத் தகடே சிவந்தால் உடனே அணையுங்கள். ஒரு வால்வு மட்டும் சிவந்தால் 5-ஆம் பின்னில் (கிரிட்) மைனஸ் வோல்டேஜ் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் குறைந்திருந்தால் பெரும்பாலும் கிரிட்டுக்குச் சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது, பயாஸைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. நம் வீட்டு கரண்ட் மாலையில் ஒரு வோல்டேஜ், நள்ளிரவில் ஒரு வோல்டேஜ் என்று இருந்தால் அது ஏறியிருக்கும் நேரத்திலும் ஒரு தடவை அளந்துவிட்டு, அப்புறம் மூடியைப் போடுங்கள்.